இரண்டு மேசைக்கு நடுவில் ஒரு டாக்டர்

மதுரை, தேனி, விருதுநகர் பக்கத்துக் கிராமங்களில் கண் ஆபரேஷன் செய்துகொண்ட வயதானவர்களிடம் பேச்சுக் கொடுத்தால் முதலில் மூன்று விஷயம் வரும். பஸ் வைத்துக் கூட்டிப் போனார்கள். சாப்பாடு போட்டார்கள். திரும்பக் கொண்டுவந்து ஊரிலேயே இறக்கிவிட்டார்கள். ஆபரேஷன் எப்படி நடந்தது என்பது நாலாவதாகத்தான் வரும், அதுவும் "ஒண்ணும் தெரியலய்யா, கொஞ்ச நேரந்தான்" என்பதோடு முடிந்துவிடும்.

மதுரையில் அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கிய, டாக்டர் வி. என்று ஊரே கூப்பிட்ட கோவிந்தப்ப வெங்கடசாமியைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் அவருடைய எளிமையையும் இரக்கத்தையும் எழுதுவார்கள். இரண்டும் உண்மைதான். சம்பளம் வாங்காமல் அரசாங்க ஓய்வூதியத்தில் வாழ்ந்தவர், கல்யாணம் செய்துகொள்ளாதவர். ஆனால் இரக்கமுள்ள டாக்டர்கள் நம் ஊர்களில் நிறைய இருந்திருக்கிறார்கள், இப்போதும் இருக்கிறார்கள். இவருடைய இரக்கம் பஸ்ஸாகவும் சாப்பாடாகவும் இரண்டு ஆபரேஷன் மேசையாகவும் நூல் பிசகாத ஏற்பாடாக மாறியது. அந்த ஏற்பாடு அவர் போன பிறகும் ஓடுகிறது. அவரை நினைவுகூர்வதென்றால் அந்த ஏற்பாட்டைப் பிரித்துப் பார்ப்பதுதான் சரியான மரியாதை என்று நினைக்கிறோம்.

எட்டயபுரம் பக்கத்தில் வடமலாபுரம் என்ற கரிசல் கிராமத்தில் 1918 அக்டோபர் 1 அன்று பிறந்தார். விவசாயக் குடும்பம். மணலைப் பரப்பி அதில் விரலால் எழுதிப் படிக்கத் தொடங்கியவர். சொந்தத்தில் மூன்று பெண்கள் பிரசவத்தோடு இறந்துபோனதைச் சிறுவயதில் பார்த்ததால் பிரசவ டாக்டராக வேண்டும் என்பதுதான் முதல் ஆசை. மதுரை அமெரிக்கன் கல்லூரியில் பட்டம், 1944-இல் சென்னை ஸ்டான்லியில் மருத்துவப் பட்டம், பிறகு ராணுவ மருத்துவப் பணி. 1948-இல் முடக்குவாதம் பிடித்தது. வயதானவர்களுக்கு வரும் மூட்டுத் தேய்மானம் வேறு. இது உடம்பின் எதிர்ப்புச் சக்தியே மூட்டுகளின் உட்சவ்வைத் தாக்கிக் கரைக்கும் நோய். விரல் கணுக்கள் வீங்கும், பிறகு விரல்கள் ஒரு பக்கமாகச் சாய்ந்து இறுகிவிடும். மாதக்கணக்கில் படுக்கை. பேனாவைக்கூடப் பிடிக்க முடியவில்லை. ராணுவத்திலிருந்து அனுப்பிவிட்டார்கள். மணிக்கணக்கில் நின்று, குனிந்து, பலம் கொடுத்துச் செய்யவேண்டிய பிரசவ மருத்துவம் இனி நடக்காது என்றாகிவிட்டது.

எழும்பூர் கண் மருத்துவமனையில் கண் மருத்துவம் படிக்கச் சேர்ந்தார். கண் அறுவையில் டாக்டர் உட்கார்ந்திருக்கலாம். கைக்குப் பலம் வேண்டாம், நிதானம் வேண்டும். மணிக்கட்டை நோயாளியின் நெற்றியோரம் ஊன்றிக்கொண்டால் அசைய வேண்டியது விரல் நுனி மட்டும்தான், அதுவும் ஒன்றிரண்டு மில்லிமீட்டர். ஆனால் அந்த விரல் நுனிதான் இவருக்கு வளைந்திருந்தது. பேனாவைப் பிடிக்கப் பழகி, பிறகு கத்தியைப் பிடிக்கப் பழகினார். தன் விரல் வளைவுக்குத் தக்கபடி கருவிகளை அமைத்துக்கொண்டார். அந்தக் கையால் வாழ்நாளில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கண் அறுவைகள். முகாம் காலங்களில் ஒரே நாளில் 100 கண் வரை.

1956-இல் மதுரை மருத்துவக் கல்லூரிக்குக் கண் துறைத் தலைவராக வந்தார். அரசாங்க ஆஸ்பத்திரியில் இருந்த இருபது ஆண்டுகளில்தான், டாக்டருக்காக நோயாளி காத்திருப்பதை மாற்றி நோயாளியைத் தேடி டாக்டர் போகும் கண் முகாம்கள் அவர் கையில் வடிவம் பெற்றன. 1973-இல் பத்மஸ்ரீ. 1976-இல் ஓய்வு. அந்த வருடமே மதுரை அண்ணா நகரில் ஒரு வீட்டில் 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். கூட இருந்தவர்கள் தங்கை டாக்டர் நாச்சியார், அவர் கணவர் டாக்டர் நம்பெருமாள்சாமி, தம்பி சீனிவாசன் என்று குடும்பத்தார். அடகு வைத்த நகையில்தான் கட்டடம் எழும்பியது. அரவிந்தர் மேல் அவருக்கு இருந்த பக்தியில் வந்த பெயர் அது.

அவர் படித்த காலத்தில் புரை அறுவை என்றால் என்ன என்று தெரிந்தால்தான் பின்னால் நடந்ததன் அளவு புரியும். கண்மணிக்குப் பின்னால் நம் லென்ஸ் இருக்கிறது. ஒரு பெரிய பயறு அளவு, பளிங்குபோல் தெளிவாக, மெல்லிய உறைக்குள் இருப்பது. வயதாக ஆக அது மங்கிப் பழுப்பாகி, கடைசியில் பால்போல் வெளுத்துவிடும். அதுதான் புரை. பழைய முறையில் கருவிழியின் மேல் விளிம்பில் ஏறக்குறைய பாதி வட்டத்துக்குக் கீறி, லென்ஸை உறையோடு சேர்த்து வெளியே எடுத்துவிடுவார்கள். பெரிய காயம். தலை அசையக் கூடாது என்று இரண்டு பக்கமும் மணல் மூட்டை வைத்து நாள் கணக்கில் படுக்கப்போட்டு வைப்பார்கள். இருமினாலும் முக்கினாலும் ஆபத்து.

எடுத்த லென்ஸுக்குப் பதிலாக உள்ளே எதுவும் வைப்பதில்லை. வெளியே சோடா பாட்டில் அடிபோல் தடித்த கண்ணாடி, ஏறக்குறைய பத்து பவர். அதைப் போட்டால் எல்லாப் பொருளும் கால் பங்குக்கு மேல் பெரிதாகத் தெரியும். டம்ளர் இருக்கும் இடத்தைக் கை தாண்டிப் போகும். பக்கவாட்டில் ஒரு வளையம் முழுக்கத் தெரியாது, அங்கிருந்து சைக்கிளோ மாடோ திடீரென்று முளைத்து வந்ததுபோல் இருக்கும். ஒரு கண்ணில் மட்டும் ஆபரேஷன் ஆகியிருந்தால் இரண்டு கண்ணும் இரண்டு அளவில் காட்டி எல்லாம் இரட்டையாகத் தெரியும். அந்தக் கண்ணாடி விழுந்து உடைந்தாலோ, பேரப்பிள்ளை எடுத்து விளையாடித் தொலைத்தாலோ மறுபடி குருடு. ஆபரேஷன் வெற்றி, ஆனால் ஆள் திண்ணையில்தான். இந்த நிலைமையைப் பார்த்த ஊர்க்காரர்கள் "கண்ணைக் காட்டினா இருக்கிறதும் போயிரும்" என்று சொன்னதில் பாதி நியாயம் இருந்தது.

இலவசம் என்று அறிவித்தால் மட்டும் ஏழைகள் வரமாட்டார்கள் என்பது டாக்டர் வி. குழுவினர் பட்டுத் தெரிந்துகொண்டது. பார்வை போன ஒரு பாட்டி ஆஸ்பத்திரிக்கு வராததற்குக் காரணம் கேட்டால் அடுக்கிக்கொண்டே போகலாம். பஸ்ஸுக்குக் காசு வேண்டும். கூட வரும் மகனுக்கு ரெண்டு நாள் கூலி போகும். அங்கே சாப்பாட்டுக்கு என்ன செய்வது? ஆட்டை யார் பார்ப்பது? இதெல்லாம் முடிந்த பிறகும் "சாகப்போற வயசுல எனக்கெதுக்கு" என்ற ஒன்று மிஞ்சும். அந்தக் கடைசி வாக்கியத்தை ஆசையில்லாமை என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. வீட்டுக்குச் செலவு வைக்கக் கூடாது என்ற கூச்சம் அது.

ஆகவே ஒவ்வொரு காரணத்துக்கும் ஒரு பதில் ஏற்பாடு வந்தது. பஸ் ஆஸ்பத்திரியினுடையது. கூட ஆள் வேண்டாம், ஒரே ஊர்க்காரர்களாகச் சேர்ந்து போகட்டும், ஒருவருக்கொருவர் துணை. சாப்பாடு அங்கேயே. மருந்தும் லென்ஸும் அங்கேயே. எந்த ஏற்பாடு அதிகம் பேரை வரவழைக்கிறது என்று ஆராய்ச்சியாகவே செய்து பார்த்தார்கள். ஆபரேஷன் மட்டும் இலவசம் என்பதைவிடப் போக்குவரத்தும் சாப்பாடும் சேர்த்துக் கொடுத்தால் கூடுதலாக வந்தார்கள். அதைவிடவும் பலித்தது, ஏற்கெனவே ஆபரேஷன் செய்து பார்வை திரும்பிய ஒருவர் வீடு வீடாகப் போய்ப் பேசியது. தண்டோரா, நோட்டீஸ், ஆட்டோவில் மைக் எல்லாம் அதற்கு அடுத்தபடிதான். அப்படியும் 1999-இல் வெளியான, தமிழ்நாட்டுக் கிராமங்களில் எடுத்த ஆய்வில், கண் குறை இருந்த பெரியவர்களில் முகாமுக்கு வந்தவர்கள் 100-க்கு 7 பேர் அளவுதான் என்று தெரிந்தது. அந்தக் கணக்கை மறைக்காமல் வெளியிட்டார்கள். கிராமத்துக்குப் பக்கத்திலேயே நிரந்தரமாக ஒரு சின்னப் பார்வை மையம் வைத்து, பயிற்சி பெற்ற ஒரு பெண் கண்ணைப் பரிசோதித்து, கணினி வழியாக மதுரையில் இருக்கும் டாக்டரோடு நோயாளியைப் பேசவைக்கும் முறை பிற்பாடு வளர்ந்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

முகாம் நடப்பது பெரும்பாலும் ஞாயிற்றுக்கிழமை, ஒரு பள்ளிக்கூடத்தில். பரிசோதனையும் சிகிச்சையும் ஆஸ்பத்திரியின் பொறுப்பு. இடம், தண்ணீர், மேசை பெஞ்சு, விளம்பரம், வந்தவர்களை வரிசையில் விடும் ஆட்கள் எல்லாம் உள்ளூர் அமைப்பின் பொறுப்பு. ரோட்டரி, லயன்ஸ், கோயில் கமிட்டி, வங்கி, ரசிகர் மன்றம் வரை யார் வேண்டுமானாலும் நடத்தலாம். தேதி குறிக்கும்போதே தவறு நடந்துவிடும். நடவு, அறுப்பு, ஊர்த் திருவிழா, பக்கத்தில் பெரிய கல்யாணம் இருக்கும் முகூர்த்த நாள் என்று எது இருந்தாலும் கூட்டம் வராது. ஐந்து மைலுக்கு அப்பால் மைக் கட்டாமல் விட்டால் அந்தப் பக்கத்து ஆட்கள் வரமாட்டார்கள்.

உள்ளே வரிசை இப்படிப் போகும். பெயர் பதிவு. ஆறு மீட்டர் தூரத்தில் பார்வைச் சோதனை. எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்கு எந்தப் பக்கம் திறந்திருக்கிறது என்று கையால் காட்டச் சொல்லும் ஆங்கில 'ஈ' எழுத்து அட்டை. டார்ச் வைத்து முதல் பரிசோதனை. கண் அழுத்தம். ரத்த அழுத்தம். சர்க்கரை. கண்ணீர் வழிச் சோதனை. கடைசியில் மூத்த டாக்டர் பார்த்து ஆபரேஷனா, கண்ணாடியா, வேறு நோயா என்று முடிவு செய்வார். கண்ணாடி தேவைப்படுகிறவர்களில் பெரும்பாலோருக்கு அன்றைக்கே அங்கேயே தேய்த்துக் கொடுத்துவிடுவார்கள். "அடுத்த வாரம் வாங்கிக்கோங்க" என்றால் பாதிப்பேர் வரமாட்டார்கள் என்பது அனுபவத்தில் வந்த முடிவு.

இந்த வரிசையில் கண்ணீர் வழிச் சோதனையை யாரும் கவனிக்கமாட்டார்கள். மூக்கோரம் கண் இமையில் உள்ள சின்ன ஓட்டை வழியாக ஊசிக்குழாயில் உப்புத் தண்ணீரை விட்டுப் பார்ப்பார்கள். தொண்டையில் உப்புக் கரித்தால் வழி திறந்திருக்கிறது. தண்ணீர் திரும்பி வந்தால் அடைப்பு. சீழ் கலந்து வந்தால் கண்ணீர்ப்பையில் கிருமி குடியிருக்கிறது. அந்த நிலையில் கண்ணைக் கீறினால் அந்தக் கிருமி கண்ணுக்குள் போய் இரண்டே நாளில் கண்ணையே எடுக்கவேண்டி வரலாம். சர்க்கரை கட்டுக்குள் இல்லையென்றாலும் கிருமிப் பயம்தான். ரத்த அழுத்தம் எகிறி இருக்கும்போது கண்ணைக் கீறித் திறந்தால் உள்ளே ரத்தக்குழாய் வெடிக்கும் ஆபத்து உண்டு. 'பஸ்ஸில் ஏற்றமாட்டேன் என்று சொல்லிவிட்டார்கள்' என்று முகாமிலிருந்து கோபத்தோடு திரும்புகிறவர்கள் உண்டு. அவர்கள் காப்பாற்றப்பட்டவர்கள்.

இனி அந்த இரண்டு மேசை.

ஒரு டாக்டர், அவருக்கு இடமும் வலமும் இரண்டு மேசைகள், நடுவில் இரண்டு பக்கமும் திரும்பும் நுண்ணோக்கி. மேசைக்கு ஒரு சிஸ்டராகக் கருவி எடுத்துக் கொடுக்க இருவர், பொருள் எடுத்துத் தர நடமாடும் ஒருவர். முதல் மேசையில் ஆபரேஷன் நடக்கும்போதே இரண்டாவது மேசையில் அடுத்தவரைப் படுக்கவைத்து, கண்ணைச் சுத்தம் செய்து, துணி போர்த்தி, கருவித் தட்டைப் பிரித்து வைத்திருப்பார்கள். டாக்டர் முதல் கண்ணை முடித்துவிட்டுத் திரும்பினால் வேலை தயார். கருவித் தட்டுகள் ஐந்தாறு இருக்கும், ஒன்று கையில், மற்றவை கொதிநீராவிக் கலனில் சுற்றிக்கொண்டிருக்கும். இப்படியாக ஒரு மணி நேரத்தில் ஆறிலிருந்து எட்டுக் கண்கள். ஆண்டுக்கு ஒரு டாக்டர் சராசரியாக 2000 அறுவைகள். இதில் டாக்டரின் கை வேகமாக ஓடுவதில்லை, ஒரு கண்ணுக்குத் தேவையான நேரம் கொடுக்கப்படுகிறது. மிச்சமானது டாக்டர் கையைக் கட்டிக்கொண்டு அடுத்தவருக்காகக் காத்திருந்த நேரம். டாக்டர் வி. அமெரிக்கா போனபோது ஹாம்பர்கர் கடைகளைப் பார்த்து வியந்து, எந்த ஊரில் வாங்கினாலும் ஒரே தரம் எப்படி வருகிறது என்று கேட்டதாகப் பலரிடம் சொல்லியிருக்கிறார். கேட்கிறவர்களுக்குச் சிரிப்பு வரும். அவருக்கு அது முழுக்க முழுக்கக் கண் சம்பந்தப்பட்ட கேள்வி.

மேசையில் நடப்பதைக் கிட்டப்போய்ப் பார்க்கலாம். இப்போது கிராம நோயாளிகளுக்கு அதிகம் செய்யப்படுவது தையல் இல்லாத சிறு கீறல் முறை. கண்மணியை விரிக்கும் சொட்டு மருந்து முன்பே விட்டிருப்பார்கள். மேசைக்கு வருமுன் கண்ணைச் சுற்றி மரத்துப்போகும் ஊசி. பிறகு 5 சதவீத பொவிடோன் அயோடின் சொட்டு. கிருமியைக் குறைப்பதில் இந்தச் சொட்டுக்குப் பெரிய பங்கு உண்டு, விலையோ மிகக் குறைவு. இமைகளை விலக்கிப் பிடிக்கும் கம்பி போட்டதும், கருவிழிக்கு மேலே வெண்படலத்தைக் கொஞ்சம் விலக்கி, வெள்விழியில் ஆறு ஆறரை மில்லிமீட்டர் அகலத்துக்குப் பாதி ஆழம் மட்டும் ஒரு கோடு கீறுவார்கள். பிறை வடிவக் கத்தியை அந்தக் கோட்டில் நுழைத்து, வெள்விழியின் அடுக்குகளுக்கு நடுவே சுரங்கம்போல் முன்னோக்கித் தள்ளி, கருவிழியை மூடியிருக்கும் தெளிவான படலமான கார்னியாவுக்குள் ஒன்று ஒன்றரை மில்லிமீட்டர் வரை கொண்டுபோவார்கள். அதன் பிறகுதான் கூர்க்கத்தியால் கண்ணுக்குள் நுழைவது.

முழு ஆபரேஷனும் இந்தச் சுரங்கத்தை நம்பித்தான். சரியாக அமைந்தால், வேலை முடிந்ததும் கண்ணின் உள் அழுத்தமே அதன் உள்வாயை அழுத்தி மூடிவிடும், தையல் வேண்டாம். மேலோட்டமாகக் கீறிவிட்டால் சுரங்கத்தின் கூரை பொத்தான் ஓட்டைபோல் கிழிந்துவிடும். ஆழமாகப் போய்விட்டால் நினைத்த இடத்துக்கு முன்பே கண்ணுக்குள் திறந்துகொண்டு, கண்மணியைச் சுற்றிய ஐரிஸ் காயத்தின் வழியே வெளியே பிதுங்கும். அப்படியானால் கூச்சப்படாமல் தையல் போட்டுவிட வேண்டும். கற்றுக்கொள்ளும் டாக்டர்களுக்கு முதல் சில மாதங்கள் இதிலேயே போகும்.

பிறகு வழவழப்பான ஜெல் உள்ளே போகும். கார்னியாவின் உள்பக்கத்தில் ஒரே வரிசையில் உள்ள அணுக்கள் போனால் திரும்ப வளராது. கருவி அவற்றில் உரசாமல் காக்கத்தான் அந்த ஜெல். லென்ஸ் உறையின் முன்பக்கத்தை வட்டமாகக் கிழித்துத் திறப்பார்கள். புரை முற்றி வெளுத்திருந்தால் உறையே தெரியாது, அதனால் நீலச் சாயம் தடவிக்கொள்வார்கள். வட்டம் சிறிதாகிவிட்டால் லென்ஸின் நடுவிலுள்ள கெட்டிக் கரு வெளியே வராது. வலிந்து இழுத்தால் உறை கிழியும். உறையின் பின்பக்கம் ஒரு மில்லிமீட்டரில் இருநூறில் ஒரு பங்கு கனம்கூட இருக்காது. அது கிழிந்தால் பின்னால் இருக்கும் விட்ரியஸ் கூழ் முன்னே வந்துவிடும், அப்போது பத்து நிமிட வேலை முக்கால் மணி நேரமாகும். உறைக்கும் கருவுக்கும் நடுவில் தண்ணீர் பீய்ச்சி இரண்டையும் பிரித்து, கருவைக் கார்னியாவுக்குப் பின்னால் உள்ள முன்னறைக்கு உருட்டிக் கொண்டுவந்து, தண்ணீர் வரும் சின்னக் கரண்டியால் சுரங்கம் வழியே வெளியே எடுப்பார்கள். ஒட்டியிருக்கும் மெத்தென்ற சதையை உறிஞ்சி எடுத்த பிறகு, உறைக்குள் செயற்கை லென்ஸ் போய் உட்காரும். ஜெல்லைக் கழுவி எடுத்ததும் கண் கட்டு.

இந்த லென்ஸின் கதை தனியாகச் சொல்லவேண்டியது. விமானத்தின் கண்ணாடிக் கூரை உடைந்து கண்ணுக்குள் சிதறிய போர் விமானிகளுக்கு அந்தத் துணுக்கு கண்ணைப் புண்ணாக்கவில்லை என்று கவனித்த ஹெரால்டு ரிட்லி, 1949-இல் லண்டனில் அதே வகைப் பிளாஸ்டிக்கில் லென்ஸ் செய்து முதன்முதலாகக் கண்ணுக்குள் வைத்தார். முப்பது வருடம் கழித்துப் பணக்கார நாடுகளில் அது வழக்கமானது. இங்கே விலைதான் தடை: ஒன்று நூறு டாலரை ஒட்டி. மருத்துவமனையில் காசு கொடுக்கிறவருக்கு லென்ஸ், கொடுக்க முடியாதவருக்குச் சோடா பாட்டில் கண்ணாடி என்று இரண்டு வைத்தியம் ஆகிவிட்டது. ஏழை நாட்டுக்கு இந்தத் தொழில்நுட்பம் ஒத்துவராது என்று வெளிநாட்டு நிபுணர்கள் சொன்ன காலத்தில், நாமே செய்துவிடலாம் என்று 1992-இல் மதுரையில் ஆரோலேப் என்ற லென்ஸ் தொழிற்சாலை தொடங்கப்பட்டது. டேவிட் கிரீன் என்ற அமெரிக்கரும் சேவா என்ற தொண்டு அமைப்பும் துணை நின்றார்கள். லென்ஸ் விலை பத்து டாலர் அளவுக்கு இறங்கி, பிறகு அதற்கும் கீழே போனது. இன்று நூற்றுக்கும் மேற்பட்ட நாடுகளில் மதுரை லென்ஸ் கண்ணுக்குள் இருக்கிறது. எட்டயபுரம் கரிசலில் மணலில் எழுதிப் படித்தவரின் வாழ்க்கையில் எது பெரிய சாதனை என்று கேட்டால் நாங்கள் இதைத்தான் சொல்வோம், ஆபரேஷன் எண்ணிக்கையை அல்ல.

எந்தப் பவர் லென்ஸ் வைப்பது என்பது தனி வேலை. கண்ணின் முன்பின் நீளத்தை ஒலி அலையால் அளந்து, கார்னியாவின் வளைவையும் அளந்து கணக்குப் போட வேண்டும். நீளத்தில் ஒரு மில்லிமீட்டர் பிசகினால் பவர் இரண்டரை பிசகும். அளக்கும் கருவியைக் கண்ணில் கொஞ்சம் அழுத்திவிட்டாலே போதும், கண் அமுங்கி நீளம் குறைந்து காட்டும். ஆபரேஷன் நன்றாக நடந்தும் "தெளிவாத் தெரியலையே" என்று வருகிறவர்களில் சிலர் இந்த இடத்தில் தவறு நடந்தவர்கள்.

இதையெல்லாம் அளப்பதும், கருவி எடுத்துக் கொடுப்பதும், பார்வை சோதிப்பதும், பயந்து நடுங்கும் பாட்டியின் கையைப் பிடித்துக்கொண்டு "நேரா விளக்கைப் பாருங்க பாட்டி, அசையாதீங்க" என்று சொல்வதும் சிஸ்டர்கள்தான். பள்ளிப் படிப்பு முடித்த கிராமத்துப் பெண்களை எடுத்து இரண்டு வருடம் பயிற்சி கொடுக்கிறார்கள். தேர்வில் பெற்றோரையும் பார்த்துப் பேசுவது வழக்கம். டாக்டர் மட்டுமே செய்யக்கூடியதை டாக்டர் செய்யட்டும், மற்ற அத்தனையையும் இவர்கள் செய்யட்டும் என்ற பிரிவினையில்தான் இரண்டு மேசை சாத்தியமானது. டாக்டர் வி.யைப் பற்றிப் பேசும் இடங்களில் இந்தப் பெண்களைப் பற்றிப் பேசுவது குறைவாகவே இருக்கிறது. வருத்தமாக இருக்கிறது. பாதிக்கு மேல் வேலை இவர்களுடையது.

பணம் எங்கிருந்து வருகிறது என்று எல்லோரும் கேட்பார்கள். காசு கொடுத்துப் பார்ப்பவர்கள் கொடுக்கும் கட்டணத்தில்தான். முதல் 11 படுக்கையில் 5 கட்டணத்துக்கு, 6 இலவசத்துக்கு. இன்றும் பாதிக்கு மேற்பட்ட அறுவைகள் இலவசமாகவோ மிகக் குறைந்த கட்டணத்திலோ நடக்கின்றன. வருமானச் சான்றிதழ் கேட்பதில்லை, எந்த வாசலில் நுழைவது என்பதை நோயாளியே தேர்ந்தெடுக்கலாம். தங்குமிடம் வேறுபடும்: கட்டணப் பகுதியில் கட்டிலும் அறையும், இலவசப் பகுதியில் பாய். டாக்டர்கள் வேறுபடமாட்டார்கள், இரண்டு பகுதிக்கும் முறை வைத்து மாறி மாறி வருவார்கள். வசதியில் விட்டுக்கொடுக்கலாம், வைத்தியத்தில் கூடாது என்ற கோடு அது.

குழந்தைகளைப் பற்றி ஒரு வார்த்தை. அரசாங்க ஆஸ்பத்திரிக் காலத்திலேயே அவர் மனதை அறுத்தது வைட்டமின் ஏ குறைவால் குருடாகும் குழந்தைகள். முதலில் மாலைக்கண்: விளக்கு வைத்த பிறகு குழந்தை தட்டுத்தடுமாறும், தட்டில் இருக்கும் சோற்றைத் தேடும். பிறகு வெள்விழி ஓரத்தில் சோப்பு நுரைபோல் ஒரு திட்டு. அந்தக் கட்டத்தில் தட்டம்மையோ வயிற்றுப்போக்கோ வந்தால் கார்னியா ஒன்றிரண்டு நாளில் இளகிக் கரைந்துவிடும். அதன்பின் எந்த ஆபரேஷனும் பழைய பார்வையைத் தராது. ஒரு வயதுக்கு மேல் இரண்டு லட்சம் யூனிட் சொட்டு ஆறு மாதத்துக்கு ஒருமுறை, ஒரு வயதுக்குள் ஒரு லட்சம். வீட்டில் முருங்கைக்கீரை, பப்பாளி, முட்டை. கீரையை வெறும் தண்ணீரில் வேகவைத்துக் கொடுத்தால் சத்து உடம்பில் சேராது, ஒரு ஸ்பூன் எண்ணெய் ஊற்றி வதக்க வேண்டும். மதுரையில் அவர் அமைத்த ஊட்டச்சத்து மையத்தில் குழந்தையோடு தாயையும் சேர்த்துக்கொண்டு, சமைக்கச் சொல்லிக்கொடுத்து அனுப்பினார்கள்.

2006 ஜூலை 7 அன்று மதுரையில் காலமானார், 87 வயது. அதற்குள் தேனி, திருநெல்வேலி, கோயம்புத்தூர், புதுச்சேரி என்று மருத்துவமனைகள் கிளைத்திருந்தன.

அவருக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்று நினைக்கிறவர்கள் தங்கள் தெருவைப் பார்க்கலாம். மூன்று மீட்டர் தூரத்தில் நின்று விரலைக் காட்டி, ஒவ்வொரு கண்ணாக மூடச் சொல்லி எண்ணச் சொல்லுங்கள். எண்ண முடியாவிட்டால் காலம் கடத்தாமல் கூட்டிப்போக வேண்டும். "புரை முத்தட்டும்" என்பது பழைய முறைக் காலத்துப் பேச்சு. இப்போது முற்றினால் கரு கல்லாகி ஆபரேஷன் கடினமாகும், சிலருக்குக் கண் அழுத்தம் ஏறி நரம்பே போய்விடும். போகும்போது அவர் சாப்பிடும் மாத்திரை அத்தனையையும் அட்டையோடு எடுத்துப்போங்கள். குறிப்பாக ஆண்களுக்குச் சிறுநீர் தடையில்லாமல் போகக் கொடுக்கும் டாம்சுலோசின். அது ஐரிஸைத் தளரவைத்து ஆபரேஷன் நடுவே கண்மணியைச் சுருங்கச் செய்யும், டாக்டருக்கு முன்பே தெரிந்தால் சமாளிக்கலாம். ரத்தம் உறையாமல் இருக்கச் சாப்பிடும் மாத்திரையை நீங்களாக நிறுத்த வேண்டாம்.

வீட்டுக்கு வந்த பிறகு சொட்டு மருந்துதான் எல்லாம். கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, படுக்கவைத்து, கீழ் இமையை இழுத்து ஒரே ஒரு சொட்டு. பாட்டில் முனை இமை முடியில்கூடப் படக்கூடாது. இரண்டு மருந்து என்றால் நடுவில் ஐந்து நிமிடம், இல்லையென்றால் இரண்டாவது முதலாவதைக் கழுவிவிடும். தலைக்குக் குளிப்பது, விறகடுப்புப் புகை, கண்ணைக் கசக்குவது, குடம் தூக்குவது டாக்டர் சொல்லும்வரை வேண்டாம். வலி நாளுக்கு நாள் கூடினாலோ, கண் சிவந்து பார்வை மங்கினாலோ, சீழ் வந்தாலோ அன்றைக்கே போக வேண்டும், அடுத்த முகாம்வரை காத்திருக்கக் கூடாது.

ஒரு மாதம் கழித்து அதே ஊரில் மறுபரிசோதனை. இதற்குத்தான் பலர் வரமாட்டார்கள், கண் தெரிகிறதே, பிறகென்ன என்று. ஆனால் உள்ளே வைத்த லென்ஸ் தூரத்துக்கு மட்டும் கணக்குப் போட்டது. பஸ்ஸில் எழுதியிருக்கும் ஊர்ப்பெயர் தெரியும், அரிசியில் கிடக்கும் கல் தெரியாது. கிட்டப்பார்வைக் கண்ணாடியை அன்றைக்குத்தான் எழுதிக் கொடுப்பார்கள். ஏறக்குறைய இரண்டரை பவர் இருக்கும். அதை மாட்டிக்கொண்டு முறத்தை மடியில் வைத்துப் பார்த்து, சரியாக இருக்கிறது என்று சொல்கிறவரிடம், மற்றக் கண்ணுக்கும் தேதி கேட்டு எழுதிக்கொள்வார்கள்.